‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

தர்மபுரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் ஒரு சின்ன ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஓசூர் தொழிற்சாலைகளில் சேரப்போகிறவர்கள், மீதிப் பேர் பெங்களூருக்குப் பஸ் ஏறப்போகிறவர்கள். போன வருடம் இங்கே படித்துவிட்டு ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்த பாலக்கோட்டுப் பையன் ஒருவன், சேர்ந்த மூன்றாம் நாள் போன் செய்தான். "ரன் அவுட்னா தீர்ந்துபோறதுன்னுதானே சார் சொன்னீங்க?" என்று கேட்டான். ஆமாம், அப்படித்தான் சொல்லியிருந்தேன். அன்று காலையில் சூப்பர்வைசர் அவனிடம் "ரன் அவுட் செக் பண்ணு" என்று சொல்ல, அவன் நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய் எந்தெந்தச் சாமான் தீர்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறான். பட்டறையே சிரித்திருக்கிறது.

லேத் என்பது கடைசல் மெஷின். அதில் ஒரு இரும்பு உருளையை, கவ்விப் பிடிக்கிற பாகமான சக்கில் மாட்டிச் சுற்றவிட்டால் அது துல்லியமாக ஒரே அச்சில் சுற்றவேண்டும். மாட்டியது கொஞ்சம் சாய்ந்திருந்தால் உருளை ஆடும். சின்ன ஆட்டத்தையும் முள்ளால் காட்டுகிற டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை அதன்மேல் ஒட்டி வைத்துச் சுற்றினால் முள் எவ்வளவு ஆடுகிறதோ அதுதான் அங்கே ‘ரன் அவுட்’. கிரிக்கெட்டில் இதே ரன் அவுட் வேறு, கடையில் அரிசி ரன் அவுட் ஆவது வேறு. மூன்றும் ஒரே எழுத்து, ஒரே ஒலி.

அவன் போன் வைத்த பிறகு ரொம்ப நேரம் யோசித்தேன். ‘ரன் என்றால் ஓடு’ என்று ஐந்தாம் வகுப்பில் எழுதிப்போட்டு அதோடு விட்டுவிடுகிறோம். இன்னொரு பக்கம், ‘ரன் என்ற ஒரு வார்த்தைக்கு 645 அர்த்தம், ஆங்கிலம் கடல்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்தியைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துபோகிறார்கள். இரண்டுமே ஆளைத் தவறான பக்கம் திருப்பிவிடுகின்றன. ஒரு சொல்லுக்கு நிறையப் பொருள் எப்படி வருகிறது, கேட்கிறவர் எப்படிச் சரியானதைப் பிடிக்கிறார் என்று ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், பட்டியல் எதையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

முதலில் நம் வீட்டு ‘ஓடு’

ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். ‘ஓடு’ என்ற தமிழ்ச் சொல்லை ஒரு நாள் முழுக்க நாம் எப்படியெல்லாம் பேசுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள்.

காலையில் போர்வெல் மோட்டார் ஓடுகிறது. கடிகாரம் அஞ்சு நிமிஷம் வேகமாக ஓடுகிறது. ஒகேனக்கல்லுக்குப் பஸ் ஓடுகிறதா என்று விசாரிக்கிறோம். தியேட்டரில் படம் நூறு நாள் ஓடியது. பஜாரில் அந்தப் பழக்கடை நல்லா ஓடுது. பங்காளிகளுக்குள் கேஸ் ஒன்று பத்து வருஷமாக ஓடுது. பையனுக்கு ஏழரைச் சனி ஓடுது. உடம்பில் ரத்தம் ஓடுகிறது, நாள் ஓடுகிறது, பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் ஒண்ணும் ஓட மாட்டேங்குது. கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் மாடு ஓடுகிறது, இந்த வரிசையில் உண்மையிலேயே காலை எடுத்துவைத்து ஓடுவது அது மட்டும்தான்.

இத்தனை பொருளையும் நமக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. ‘கடை ஓடுது’ என்று கேட்டால் எந்தக் குழந்தையும் கடைக்குக் கால் முளைத்ததா என்று கேட்பதில்லை. ஒரே சொல், ஒன்றோடொன்று உறவுள்ள பல பொருள்களில் வழங்கினால் அதைப் பலபொருள் ஒருசொல் என்பார்கள். நாம் ‘ஓடு’ விஷயத்தில் மூச்சுவிடுகிற மாதிரிச் செய்கிற வேலையைத்தான் ஆங்கிலேயர் ‘ரன்’ விஷயத்தில் செய்கிறார்.

சரி, அந்த 645?

அந்த எண் கட்டுக்கதை கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக ‘ரன்’ என்ற வினைச்சொல்லை மறுபடி எழுதியவர் பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர். அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு ஒன்பது மாதம் ஆனது. முடிவில் வந்த எண்ணிக்கைதான் 645, 2011-ல் செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. அதற்கு முன் 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் ‘செட்’ என்ற சொல்லுக்கு, 430 பொருள்.

ஆனால் அகராதிக்காரர் எண்ணுகிற விதமே தனி. மாடு ஓடுவது ஒன்று, ஆறு ஓடுவது ஒன்று, மூக்கு ஒழுகுவது ஒன்று, வழக்கொழிந்துபோன பழைய பொருள் ஒன்று, கப்பலோட்டிகள் மட்டும் பேசுவது ஒன்று என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து எண் போட்டுக்கொண்டே போவது அவர் தொழில். பேசுகிறவர் மனசில் அப்படி 645 அறை கிடையாது. கிருஷ்ணகிரி மாந்தோப்பில் ஒரு மரத்து இலைகளை எண்ணி ஆயிரக்கணக்கில் ஒரு கணக்குச் சொல்லலாம், தோப்புக்காரருக்கு அது ஒரே மரம்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பல பொருள் இருப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை, தமிழிலும் அன்றாடம் நடக்கிறது. பெரிய எண் அகராதியின் எண்ணும் முறையால் வருவது.

உருவம் ஒன்று, சொல் இரண்டு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதைக் கலந்துகட்டிப் பேசுகிறார்கள்.

கூரைமேல் போடுகிற ஓடும் ‘ஓடு’தான். முட்டை ஓடு, ஆமை ஓடு, மண்டை ஓடு எல்லாம் இருக்கின்றன. இந்த ஓட்டுக்கும் மாடு ஓடுவதற்கும் என்ன சம்பந்தம்? பொருளில் ஒன்றுமே இல்லை. எழுத்தும் ஒலியும் ஒத்துப்போய்விட்டன, அவ்வளவுதான். நல்ல அகராதியில் இவற்றை ஒரே தலைப்பில் போடமாட்டார்கள், ஓடு 1, ஓடு 2 என்று தனித்தனித் தலைப்பாகப் பிரித்துவிடுவார்கள். அதே சமயம் கூரை ஓடு, முட்டை ஓடு, மண்டை ஓடு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், உள்ளே இருப்பதை மூடிக் காக்கிற கெட்டியான ஒன்று என்ற உறவு அவற்றுக்குள் இருக்கிறது. ஆகவே ஓடு என்று இரண்டு குடும்பம் உண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் பல பிள்ளைகள் உண்டு.

‘பிடி’ இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. கையைப் பிடி, பஸ்ஸைப் பிடி, சளி பிடித்தது, மழை பிடித்தது, அவளுக்குப் பாட்டு பிடிக்கும், ஒரு பிடி அரிசி. இவை எல்லாம் ஒரு குடும்பம், கையால் பற்றுவதிலிருந்து கிளம்பியவை. ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த யானைக் கூட்டத்தில் களிறும் பிடியும் உண்டே, அந்தப் பிடி பெண்யானை. அதை இந்தக் குடும்பத்தில் சேர்க்க முடியாது.

ஆங்கிலத்திலும் இப்படித்தான். கிரிக்கெட் ‘பேட்’டும் வௌவாலைக் குறிக்கிற ‘பேட்’டும் உருவத்தில் ஒன்று, சொல்லாக இரண்டு. அவற்றுக்கிடையே உறவு தேடினால் தலைவலிதான் மிச்சம். ‘ரன்’ அப்படிப்பட்டதல்ல. அதன் பொருள்கள் அநேகமாக எல்லாமே சொந்தபந்தம். உறவைத் தேடினால் கிடைக்கும்.

ஓடு, ஓட்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் வகுப்பில் சொல்வேன்.

தமிழில் ஓடு, ஓட்டு என்று இரண்டு வினை இருக்கிறது. மாடு தானே ஓடுகிறது, ஆள் மாட்டை ஓட்டுகிறான். தானே செய்வது தன்வினை, இன்னொன்றைச் செய்யவைப்பது பிறவினை. ஆடு–ஆட்டு, கூடு–கூட்டு, ஏறு–ஏற்று என்று இந்த ஜோடி நம் மொழியில் வரிசையாக நிற்கும். ஆங்கிலத்திலும் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ‘ஓடு’வுக்கு ஒரு வினையும் ‘ஓடவை’க்கு இன்னொரு வினையும் தனித்தனியாக இருந்தன. ஒலி நெருக்கமாக இருந்த அந்த இரண்டும் பின்னால் ஒன்றாகக் கலந்து ஒரே ‘ரன்’ ஆகிவிட்டன. சில ஜோடிகள் அங்கே இன்னும் பிழைத்திருக்கின்றன: ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் முதலில் உட்காரவை. ‘ஃபால்’ என்றால் விழு, மரத்தை ‘ஃபெல்’ பண்ணினால் வீழ்த்து. முன்பு 430 பொருளோடு முதலிடத்தில் இருந்ததாகச் சொன்னேனே, அந்த ‘செட்’ ஒரு காலத்து ‘உட்காரவை’தான்.

ஆகவே ‘ரன்’னைப் பார்த்த உடனே கேட்கவேண்டிய முதல் கேள்வி: இது ஓடுவா, ஓட்டுவா? மோட்டார் ரன் ஆகிறது என்றால் ஓடு. அவர் ஒரு மாங்கூழ் கம்பெனியை ரன் பண்ணுகிறார் என்றால் ஓட்டு. நாமும் ‘எப்படியோ குடும்பத்தை ஓட்டுறேன்’, ‘கடையை ஓட்டிக்கிட்டு இருக்கேன்’ என்றுதானே சொல்கிறோம். ‘நடத்துதல்’ என்ற பொருள் ஆங்கிலத்தில் எங்கிருந்து வந்தது என்று திகைத்த பிள்ளைகளிடம் ‘குடும்பத்தை ஓட்டு’ என்ற ஒன்றைச் சொன்னால் போதும், முகம் தெளிந்துவிடும்.

இங்கே ஒரு இடறல் மட்டும் உண்டு. தமிழில் டிரைவரும் பஸ் ஓட்டுகிறார், பஸ் முதலாளியும் ‘ரெண்டு பஸ் ஓட்டுறார்’. ஆங்கிலத்தில் டிரைவர் செய்வது ‘டிரைவ்’, முதலாளி செய்வதுதான் ‘ரன்’. இன்டர்வியூவில் போய் ‘மை ஃபாதர் ரன்ஸ் எ லாரி’ என்றால் கேட்கிறவர், அப்பாவிடம் சொந்த லாரி இருப்பதாக நினைத்துக்கொள்வார். கூலிக்கு ஓட்டுகிற அப்பாவுக்கு ‘டிரைவ்ஸ்’ என்றே சொல்லவேண்டும்.

பொருள் எப்படி விரிகிறது

நம் பக்கத்து ஏரிகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே இருக்கிற ஏரி நிரம்பிக் கோடி போனால் தண்ணீர் அடுத்த ஏரிக்கு வரும், அது நிரம்பி அதற்கடுத்த ஏரிக்குப் போகும். கடைசி ஏரியில் நிற்கிறவருக்கு முதல் ஏரி கண்ணுக்கே தெரியாது, ஆனாலும் தண்ணீர் அங்கிருந்து வந்ததுதான். சொற்பொருளும் இந்த மாதிரித்தான் வழிந்து வழிந்து போகிறது. முதல் ஏரிக்கு மையப் பொருள் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

‘ரன்’னின் மையப் பொருள் ஒரு உயிர் கால்களால் வேகமாக முன்னே போவது. அந்தக் காட்சிக்குள் நான்கு சங்கதி அடங்கியிருக்கிறது: கால், வேகம், நிற்காமல் தொடர்வது, ஒரு திசை. ஒவ்வொரு புதுப் பொருளும் இந்த நான்கில் சிலவற்றை வைத்துக்கொண்டு சிலவற்றை உதறிவிடுகிறது.

தென்பெண்ணை ஓடுகிறது என்னும்போது கால் போய்விட்டது, தொடர்ச்சியும் திசையும் நிற்கின்றன. மூக்கு ‘ரன்’ ஆவதும் துணியின் சாயம் ‘ரன்’ ஆவதும் இந்த நீர்ப் பொருளிலிருந்து வந்தவைதான், நாம் அங்கே மூக்கு ஒழுகுது, சாயம் போகுது என்று வேறு சொல் போடுகிறோம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலத்துக்கு 44-ஆம் எண் நெடுஞ்சாலை ‘ரன்’ ஆகிறது என்றால் அங்கே அசைவே இல்லை, சாலை படுத்த இடத்தில் கிடக்கிறது. திசை மட்டும் மிச்சம். நாமும் ‘ரோடு சேலத்துக்குப் போகுது’ என்றுதான் சொல்கிறோம், ரோடு எங்கும் போவதில்லை, நம் கண்தான் அதன்மேல் போகிறது.

மோட்டாரில் இதற்கு நேர் எதிர். அது எங்கேயும் போகவில்லை, திசை போய்விட்டது. நிற்காமல் சுழல்வது மட்டும் மீந்தது. கடிகாரமும் நீராவி எஞ்சினும் ஆலையும் ரயிலும் வந்த காலத்தில் அவற்றின் வேலையைச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது, ஏற்கெனவே கையில் இருந்த ‘ரன்’ அதற்கு ஒத்துவந்தது. பிற்பாடு கம்ப்யூட்டர் வந்தபோது ‘புரோகிராம் ரன் ஆகிறது’ என்று இன்னொரு ஏரிக்கு வழிந்தது, அங்கே சுழல்வதுகூட இல்லை, கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறுவதுதான். ஒரு படம் நூறு நாள் ‘ரன்’ ஆனது என்பது இன்னும் தள்ளி இருக்கிற ஏரி. அங்கே மிச்சம் காலத் தொடர்ச்சி மட்டுமே.

விரிவதற்கு இன்னொரு வழியும் உண்டு, அதை நம் இலக்கணம் ஆகுபெயர் என்கிறது. ஒன்றின் பெயர் அதோடு ஒட்டியிருக்கிற இன்னொன்றுக்கு ஆகிவருவது. ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் இருக்கிற ஜனம். கிரிக்கெட்டில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடுவதுதான் முதலில் ‘ரன்’, அந்த ஓட்டத்துக்குக் கிடைக்கிற புள்ளிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பந்து பவுண்டரிக்குப் போய்விட்டால் யாரும் ஓடி முடிக்கவேண்டியதில்லை, இருந்தாலும் 4 ரன். நம் செய்தி வாசிப்பிலும் ‘50 ஓட்டங்கள்’ என்கிறார்கள், அதில் எத்தனை உண்மையில் ஓடி எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

சுருக்கமாக: மையப் பொருள் ஒன்று. அதன் கூறுகளில் சில நிற்க, சில உதிர, அடுத்தடுத்த பொருள் பிறக்கிறது. சில இடத்தில் பெயர் பக்கத்தில் இருக்கிற பொருளுக்குத் தாவுகிறது.

கேட்கிறவர் எப்படிச் சரியாகப் பிடிக்கிறார்?

இதற்குப் பதில் நம்மிடமே ரொம்பப் பழைய காலத்திலிருந்து இருக்கிறது, எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் மனசு நிறைந்துபோகும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், பலபொருள் ஒருசொல் வந்தால் அதன் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்று இருக்கிறது. மூன்றே துப்பு.

உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்கொள்கிற சொல் ‘மா’. பழந்தமிழில் மா என்றால் மாமரம், விலங்கு, குதிரை என்று பல பொருள். ‘மா பூத்தது’ என்றால் மரம், ஏனென்றால் பூப்பது மரத்தின் வினை. கிருஷ்ணகிரிக்காரருக்கு இதை யாரும் விளக்கவேண்டாம். ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் கூடவே மருதமரம் வந்திருக்கிறது, அதன் இனமான இதுவும் மரம். போருக்குக் கவசம் மாட்டிக்கொண்டு நிற்கிறவன் ‘மா கொண்டுவா’ என்றால் குதிரை. அங்கே வாக்கியத்துக்குள் துப்பே இல்லை, அவன் நிற்கிற நிலை சொல்கிறது. அதுதான் சார்பு.

இந்த மூன்றையும் அப்படியே ‘ரன்’னுக்குப் பொருத்தலாம். ‘மா’ பெயர்ச்சொல், அதனால் அதற்கு வினை துப்பு. ‘ரன்’ பெரும்பாலும் வினையாக வருவதால் அதைத் திருப்பிப் போட்டு, ஓடுவது யார், எதை ஓட்டுகிறார் என்று பார்க்கவேண்டும். எழுவாய் குழாயா, மூக்கா, ரயிலா, வேட்பாளரா? அதிலேயே முக்கால்வாசிப் பேருக்கு வழி தெரிந்துவிடும். அப்புறம் இனம், பக்கத்தில் என்னென்ன சொற்கள் நிற்கின்றன என்பது: ஸ்டம்ப், விக்கெட் என்று வந்தால் ஒரு உலகம், சக், ஸ்பிண்டில், டயல் கேஜ் என்று வந்தால் வேறு உலகம். கடைசியாகச் சார்பு: யார், எங்கே நின்று பேசுகிறார்.

பாலக்கோட்டுப் பையனுக்கு நடந்ததை இப்போது பாருங்கள். சூப்பர்வைசர் லேத் முன்னால் நின்றுதான் சொல்லியிருக்கிறார், வேலை சக்கில் மாட்டியிருந்திருக்கிறது. சார்பு அத்தனையும் கண் முன்னே இருந்தது. ‘ரன் அவுட் = தீர்ந்துபோதல்’ என்று ஒற்றைப் பொருளை நோட்டில் எழுதிக்கொடுத்ததால் அவன் சுற்றிலும் பார்க்காமல் நோட்டைப் பார்த்தான். அவன் மேல் குற்றம் இல்லை, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நாங்கள் பழக்கிவைத்த பழக்கம் அது.

‘ரன் அவுட்’ மூன்றையும் வாக்கிய அமைப்பே காட்டிக்கொடுத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ‘ரேன் அவுட் ஆஃப் டீசல்’ என்று பின்னால் ‘ஆஃப்’ வந்து ஒரு பொருளின் பெயரும் வந்தால் அது தீர்ந்துபோனது. ‘ஹி வாஸ் ரன் அவுட்’ என்று ஆளைப் பற்றி வந்தால் கிரிக்கெட். ‘தி ரன் அவுட்’ என்று பெயர்ச்சொல்லாக வந்து பக்கத்தில் மைக்ரான் கணக்கு வந்தால் லேத்.

கூட வருகிற சின்னச் சொற்கள்

அவுட், இன்டு, ஓவர், டவுன் மாதிரிச் சின்னச் சொற்கள் ‘ரன்’னோடு சேர்ந்தால் பொருள் கணிசமாக மாறும். இதுவும் நமக்குப் புதுசு கிடையாது. ‘ஓடிவந்தான்’ என்றால் ஓடுவதும் வருவதும்தான். ‘பக்கத்து வீட்டுப் பொண்ணு ஓடிப்போச்சு’ என்றால் அங்கே ஓட்டப்பந்தயம் எதுவும் இல்லை. இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று ஆகிவிட்டது. ‘ரன் இன்டு’ என்றால் மோதுவது, எதிர்பாராமல் யாரையாவது பார்ப்பதும் அதுவே. ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏறிவிடுவது. கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போனாலும் அதே ‘ரன் ஓவர்’. பெரும்பாலானவற்றில் உறவு தெரியும், சிலவற்றில் தெரியாது. தெரியாததை அப்படியே பழகிக்கொள்ள வேண்டியதுதான், அதற்குக் குறுக்குவழி இருப்பதாக நான் சொல்லமாட்டேன்.

முன்னால் வருகிற சொல்லும் மாற்றும். ‘டிரை ரன்’ என்றால் நம் மாவட்டத்து விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். ஆழ்குழாயில் தண்ணீர் கீழே இறங்கிப்போனது தெரியாமல் மோட்டார் வெறுமனே ஓடுவதுதான் அவருக்கு டிரை ரன். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கிற தண்ணீர், அது இல்லாமல் ஓடினால் சூடேறி உள்ளே இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) கருகிவிடும், மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்டும் செலவு தலையில் விழும். அதைத் தடுக்கத்தான் ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே டிரை ரன் கண்டுபிடித்து நிறுத்துகிற கருவி வைக்கிறார்கள். அதே விவசாயியின் மகள் பெங்களூர் ஆபீஸில் ‘நாளைக்கு டிரை ரன்’ என்று மெயில் வந்தால் பதறவேண்டியதில்லை. அங்கே அது ஒத்திகை. 2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசி போடுவதற்கு முன்னால் ஊசி மருந்து இல்லாமலே எல்லா ஏற்பாட்டையும் நடத்திப் பார்த்தார்களே, அதற்கும் ‘டிரை ரன்’ என்றுதான் பெயர். உள்ளே இருக்கவேண்டியது இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை, ஒன்றில் தெரியாமல் நடக்கிறது, மற்றதில் வேண்டுமென்றே செய்கிறார்கள்.

மொழிக்கு மொழி எல்லை வேறு

‘ஓடு’வும் ‘ரன்’னும் இவ்வளவு ஒத்துப்போவதால் ஒன்றை இன்னொன்றின்மேல் அப்படியே வைத்துவிடலாம் என்று நினைத்தால் சறுக்கும். தேர்தலில் நம் ஊரில் ‘நிற்கிறார்’கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் ‘ஸ்டாண்ட்’, அதுவும் நிற்பதுதான். அமெரிக்காவில் மட்டும் ‘ரன்’, அவர்கள் ஓடுகிறார்கள். ஒரே தேர்தல், ஒருவர் கண்ணுக்கு மேடையில் நின்று காட்டுவதாகவும் இன்னொருவர் கண்ணுக்குப் பந்தயமாகவும் தெரிகிறது. ‘ஒண்ணும் ஓடல’ என்பதை ‘நத்திங் இஸ் ரன்னிங்’ என்று சொன்னால் ஆங்கிலம் பேசுகிறவர் எந்த மெஷினைச் சொல்கிறாய் என்று கேட்பார்.

இதற்கு ஓசூர்ப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள், ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்டு வளர்கிறவர்கள் அவர்கள். கன்னடத்திலும் ‘ஓடு’ என்றால் ஓடுதான். தெலுங்கில் ‘ஓடிபோயாடு’ என்றால் ஓடிப்போனான் என்று தமிழ்க் காதுக்குப் படும், உண்மையில் தோற்றுப்போனான் என்று பொருள். கபடி மேட்ச் முடிந்து வருகிறவனிடம் தெலுங்கு நண்பன் இதைச் சொன்னால் மேட்ச்சின் முடிவைச் சொல்கிறான், யாரும் ஊரைவிட்டு ஓடவில்லை. ஓசூர்ப் பிள்ளை யோசிக்காமலே புரிந்துகொள்கிறது, ஏனென்றால் பேசுகிறவன் எந்த மொழிக்காரன், எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்ற சார்பு அதன் மனசில் ஏற்கெனவே இருக்கிறது.

நீங்களே பாருங்கள்

கீழே இருப்பவற்றுக்கு அகராதி வேண்டாம். ஓடுவா ஓட்டுவா, யார் அல்லது எது, பக்கத்தில் என்ன சொல், பேசுகிற இடம் எது, இவ்வளவுதான் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘தி டேப் இஸ் ரன்னிங்’, எழுவாய் குழாய், நீர்ப் பொருள்: தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, போய் மூடுங்கள். ‘ஷி ரன்ஸ் எ டெய்லரிங் ஷாப்’, இது ஓட்டு: தையல்கடை நடத்துகிறார். ‘தி பஸ் ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ்’, இந்த நிமிஷம் ஓடுவதைச் சொல்லவில்லை, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் உண்டு. ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர் அட் தி பஸ் ஸ்டாண்ட்’, வண்டி எதுவும் பேச்சில் இல்லை, பஸ் ஸ்டாண்டில் வாத்தியாரைத் தற்செயலாகப் பார்த்தேன். ‘ஹி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’, எழுவாய் ஆள், ஓட்டுவது வெப்பத்தை: காய்ச்சல் அடிக்கிறது. இந்தக் கடைசி ஒன்று முதல் தடவை யாருக்கும் வராது, வராவிட்டால் பரவாயில்லை.

போன வாரம் அந்தப் பாலக்கோட்டுப் பையன் பட்டறையில் ஒரு புது மெஷின்மேல் எழுதியிருந்த வாசகத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். ‘திஸ் மெஷின் ரன்ஸ் ஆன் கம்ப்ரஸ்டு ஏர்.’ நான் பதில் போடுவதற்குள் அடுத்த மெசேஜும் அவனிடமிருந்தே வந்துவிட்டது: "ஓடு சார், ஓட்டு இல்ல. ஓடுறது மெஷின். பக்கத்துல கம்ப்ரஸர் நிக்குது, அதுல இருந்து ஓஸ் வருது. இதுக்குக் காத்துதான் சாப்பாடு."